மஞ்சளுக்கு நடுவே ஓர் ஊதாப் பொட்டு

"மேடம், மேப்புல ஒரே மஞ்சளா இருக்கற எடத்துல, நடுவுல ஊதா கலர்ல ஒரு பொட்டு வருது. யாரோ தெரியாம கிளிக் பண்ணிட்டாங்கபோல. தூக்கிடட்டுமா?"

காலை நேரம். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண் போனில் இப்படிக் கேட்டால் எனக்கு என்ன வரும்? கோபம்தான் வரும். "நீ யாரும்மா? எந்த மேப்பு?" என்று கத்தினேன். குக்கரை மீறிக் கத்த வேண்டியிருந்தது என்று அதற்கு ஒரு சமாதானமும் உண்டு.

அவள் பெயர் நித்யா. சொந்த ஊர் ஆரணி. படிப்பு முடித்துப் பெங்களூருக்கு வந்து, நகரத்தின் புதிய திட்ட வரைபடத்தைத் தயாரிக்கும் ஒரு தனியார் கம்பெனியில் கம்ப்யூட்டரில் மேப் போடுகிறாள். பழைய வரைபடத்தைப் புதியதில் ஏற்றும்போது இந்தப் பொட்டு கண்ணில் பட்டிருக்கிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவர், "அது விஜயம்மா காலத்துச் சமாச்சாரம், அவங்களையே கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

"எந்த எடம்?" என்றேன்.

"ஈஜிபுரா பக்கம் மேடம். நீலசந்திராவுக்குப் போற வழியில ஒரு சந்து."

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். "தொடாதே. ரெண்டு நாள் டைம் குடு" என்றேன். பாவம், அந்தப் பெண் பயந்துபோய் "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள். அந்தப் பொட்டு அங்கே எப்படி வந்தது என்று அவளுக்குச் சொல்ல நினைத்ததுதான் இந்தக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

எங்கள் தொழிலில் நிறங்கள்தான் பாஷை. வீடுகள் வரும் இடம் மஞ்சள், கடைத்தெரு நீலம், பூங்கா பச்சை. தொழிற்சாலை, பட்டறை என்று ஜனங்கள் வேலைக்குப் போகிற நிலம் ஊதா. ஊர் பெருகும்போது எல்லாரும் மஞ்சளைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் மஞ்சளுக்குத்தான் விலை. ஊதாவைக் கேட்டு யாரும் ஆபீஸ் படி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் ஊதா இல்லாத ஊரில் மஞ்சளில் குடியிருப்பவன் காலையில் எழுந்து எங்கே போவான்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா சமஸ்தானத்துச் சேவகம். அப்பா மாநில அரசில் குமாஸ்தா. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், இரண்டும் எங்களுக்குக் காலில் போட்ட செருப்பு மாதிரி. நான் நகரத் திட்டப் பிரிவில் சேர்ந்தபோது டிராயிங் டேபிளில் மூன்று பெண்கள்கூட இல்லை. டிரேசிங் ஷீட், கலர் பென்சில், பிரிண்ட் போடும் அறையிலிருந்து வரும் அம்மோனியா நெடி. கண்ணைக் கசக்கிக்கொண்டே சில வருஷங்கள் தொழில் கற்றேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உண்மையில் கற்றது ரங்கப்பா சாரிடம் மாட்டிய பிறகுதான்.

ரங்கப்பா சார் எங்கள் பிரிவின் தலைவர். ஹாசன் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, உயர்த்தாமலேயே ஆளைக் காலி பண்ணிவிடுவார். மேப்பைச் சுருட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனால் முதலில் மேப்பைப் பார்க்க மாட்டார். நம் முகத்தைப் பார்ப்பார். "ஊட்டா ஆய்த்தா?" என்பார். சாப்பாடு ஆயிற்றா என்று கன்னடக்காரர்கள் எந்த வேளையிலும் கேட்பதுதான். ஆனால் சார் பதிலுக்காகக் காத்திருப்பார். இல்லை என்று உண்மையைச் சொன்னால் கான்டீனுக்குத் துரத்திவிடுவார், அமைச்சர் கேட்ட மேப்பாக இருந்தாலும் சரி. சாப்பிட்டுவிட்டு வந்தபின் மேஜைமேல் விரிக்கச் சொல்வார். ஒரு மூலைக்குப் பஞ்சிங் மிஷின், ஒரு மூலைக்கு மைக்கூடு, இன்னொன்றுக்குக் கண்ணாடிக் கூடு. நாலாவது மூலையில் நம் கை இருக்க வேண்டும். தப்பித்து ஓட முடியாது. பென்சிலின் மழுங்கிய முனையால் ஊதாவைத் தொட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மத்யான்ன ஊட்டா எல்லி?"

மத்தியானச் சாப்பாடு எங்கே? முதல் தடவை இதைக் கேட்டபோது மனிதருக்குப் பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்து டேபிள்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் சார் என்னை ஜீப்பில் ஏற்றி அத்திபெலேவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓசூருக்குப் போகும் வழியில், எங்களுக்கு முந்தியவர்கள் ஊதா அடித்துவைத்த ஒரு பெரிய நிலம். ரோடு போட்டாயிற்று, லைட் கம்பம் நட்டாயிற்று, சில கம்பெனிகளும் வந்தாயிற்று. காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நாங்கள் போய் நின்றது உச்சி வெயிலில். ஒரு மரம் கிடையாது. டீக்கடை கிடையாது. கம்பெனிக் கேட்டுக்கு வெளியே ஒரு லாரி நின்றது, அதன் அடியில் குனிந்து புகுந்து சிலர் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சார் தன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு அந்த லாரிக்கு அடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். "பன்னி, வாங்க விஜயம்மா" என்று எனக்கும் ஒரு மூடியில் சித்ரான்னம் போட்டுக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர் திருப்பத்தூர்க்காரர். "இங்க பொம்பளைங்க யாரும் நிக்கறதில்லை சார். ஒரு வாரம் வருவாங்க, அப்புறம் வர மாட்டாங்க. ஒதுங்க எடமில்லை, பஸ்ஸும் ஒழுங்கா இல்லை" என்றார்.

திரும்பி வரும்போது சார் சொன்னது இவ்வளவுதான்: "நாம ஃபேக்டரிக்கு ஜாகா கொடுக்கறோம்னு நெனைக்கறோம் அம்மா. ஃபேக்டரி எங்க வேணும்னாலும் போகும். ஜனம் போகுமா?" அவருடைய தமிழ் அப்படித்தான், கன்னடத்தில் கிளம்பித் தமிழில் வந்து சேரும். அதற்குப் பிறகு ஊதா அடிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் மத்தியானத்தில் போய் நிற்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வெயிலில் அலைந்து முகம் கறுத்துப்போனதற்கு என் மாமியார் ரங்கப்பா சாரைத் திட்டாத நாள் இல்லை.

இப்போது அந்தச் சந்துக்கு வருகிறேன்.

நகரத்துக்குப் புதுத் திட்டம் போடும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். எந்தத் தெருவில் இப்போது என்ன இருக்கிறது என்று சர்வே எடுக்கும் பொறுப்பை வெளியூர்க் குழு ஒன்றிடம் விட்டிருந்தார்கள். படித்த பிள்ளைகள், சுறுசுறுப்பானவர்கள், தெருத்தெருவாக நடந்தார்கள். அந்தச் சந்தைப் பற்றி அவர்கள் எழுதியிருந்தது: "பூட்டிய ஷெட்கள். உபயோகத்தில் இல்லை." உபயோகத்தில் இல்லாத தொழில் நிலத்தை மஞ்சளாக்கலாம் என்று வரைவுத் திட்டத்திலும் ஏறிவிட்டது. என் டேபிளுக்கு வந்தபோது நான் பார்த்துவிட்டு, "அட கடவுளே!" என்றேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? எங்கள் வீட்டு கிரைண்டரால்தான் தெரியும். மாவு அரைக்கும்போது மோட்டார் எரிந்து வீடு முழுக்க நாற்றம். மோட்டாரைக் கழற்றிக்கொண்டு ஆட்டோவில் நான் போனது அந்தச் சந்துக்குத்தான். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித் தருகிற வைண்டிங் பட்டறைகள், லேத் பட்டறைகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அன்றைக்கு எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் எட்டிப்பார்த்து, "இன்னிக்கு செவ்வாக்கெழமை இல்ல? கரண்ட் லீவு. நாளைக்கு வாங்க" என்றாள். மின்சாரம் தட்டுப்பாடான காலம் அது. ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் அந்தப் பட்டறைகளுக்குச் செவ்வாய்க்கிழமை லைனை நிறுத்திவிடுவார்கள், அன்றுதான் அவர்களுக்கு வார விடுமுறை. சர்வே பிள்ளைகள் வந்ததும் ஒரு செவ்வாய்க்கிழமை. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டோம் என்று அவர்களுக்கு ஒரு திருப்தி வேறு!

சாரிடம் ஓடினேன். "ஊட்டா ஆய்த்தா?" என்றார். "ஆயிற்று சார், அதை விடுங்க" என்று நான் கத்தியது வெளியே ஹாலில் கேட்டதாம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது பழைய கேள்விதான். "அந்தச் சந்துல மத்யான்ன ஊட்டா எல்லி?"

புதன்கிழமை மத்தியானம் போய் நின்றேன். சந்து முழுக்க லேத் சத்தம், வார்னிஷ் வாசனை. பூட்டிக்கிடந்ததாக எழுதப்பட்ட ஷெட்டுகளுக்குள் கால் வைக்க இடமில்லை. ஆனால் சாப்பாட்டுக்கடை? ஒன்றுமில்லை. ஒரு டீக்கடை, அதுவும் மத்தியானம் பலகையைச் சாத்திவிடும். சாருடைய பரீட்சையில் இந்தச் சந்து தோற்றுவிடும் போலிருந்தது.

அப்போதுதான் மணி அடித்தது. வைண்டிங் பட்டறைகளிலிருந்து பெண்கள் வந்தார்கள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, ஓட்டமும் நடையுமாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து, கண்மூடித் திறப்பதற்குள் சந்து காலி. கடைசியாக வந்தவளை நிறுத்தி, எங்கே போகிறார்கள் என்று கேட்டேன்.

"வூட்டுக்குத்தான் மேடம். வேற எங்க? பேசறதா இருந்தா நடந்துக்கினே பேசுங்க, எனக்கு டைம் இல்லை."

அவள்தான் கலாவதி. இருபத்தைந்துக்குமேல் இருக்கும். ஒல்லி உடம்பு. விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்த கோடுகள். அவள் பின்னால் மூச்சு வாங்க நடந்தேன். நீலசந்திரா பக்கம் ஒரு வாடகை வீடு, ஒரே அறை. கட்டிலில் அவள் புருஷன் முருகேசன் படுத்திருந்தான். சாரம் கட்டிப் பூச்சு வேலை செய்யும்போது மேலேயிருந்து விழுந்தவன். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, தானாகத் திரும்பிப் படுக்கவும் முடியாது. கலாவதி என்னை மறந்தேபோனாள். அவன் அக்குளில் கைகொடுத்துத் திருப்பினாள், முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள், சாய்த்து உட்கார வைத்துச் சாதம் ஊட்டினாள். அந்தத் தட்டிலேயே நின்றவாக்கில் தானும் சாப்பிட்டாள். "அக்காவுக்கு ஒரு டம்ளர் தண்ணியாவது குடுடீ" என்று அவன்தான் சொன்னான். மறுபடி ஓட்டம். மணி அடிப்பதற்குள் அவள் பட்டறைக்குள் போய்விட்டாள்.

வெளியே வந்து நின்றுகொண்டு அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? அழுதேன்.

ஆபீஸில் சாரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். "சரி. ஆனா நாமா மாத்த முடியாது" என்றார். அது நியாயம்தான். வரைவுத் திட்டம் வெளியாகிவிட்டது. கெடுவுக்குள் யாராவது எழுத்தில் ஆட்சேபணை கொடுத்தால்தான் விசாரணைக்கு எடுக்க முடியும். கொடுங்கள் என்று நாங்கள் யாரையும் தூண்டக் கூடாது. மஞ்சளை ஆதரித்துப் பட்டறை முதலாளிகள் ஏற்கெனவே மனு கொடுத்திருந்தார்கள். பேப்பரில் வந்த அறிவிப்பை அந்தப் பெண்கள் எங்கே பார்த்தார்கள்?

சார் ரூல் புத்தகத்தைப் புரட்டினார். "அறிவிப்பை ஸ்தலத்துல ஒட்டணும்னு ரூல் இருக்கு. ஒட்டினதைப் படிச்சுக் காட்டக் கூடாதுன்னு ரூல் இருக்கா?"

"இல்லை சார்."

"அப்போ ஹோகி. மத்தியானம் மணி அடிக்கும்போது போங்க."

போனேன். கன்னடத்தில் இருந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டிவிட்டு, மணி அடித்ததும் பட்டறை வாசலருகே நின்றுகொண்டு தமிழில் உரக்கச் சொன்னேன். பெண்கள் ஓடிக்கொண்டே கேட்டார்கள். ஒருத்தியும் நிற்கவில்லை. தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம் என்று திரும்பிவிட்டேன். ஆனால் கெடு முடிவதற்குள் ஒரு மனு வந்தது, சில கையெழுத்துகளும் பல கட்டைவிரல் ரேகைகளுமாக. விசாரணைத் தேதியை ஆபீஸில் வியாழக்கிழமை என்று போட்டுக் கொண்டுவந்தார்கள். சார் பென்சிலால் அடித்து, செவ்வாய்க்கிழமை என்று எழுதினார். அன்றைக்குத்தானே அவர்களுக்குக் கரண்ட் லீவு! கூலி போகாமல் வரலாம். சர்வேயைக் கெடுத்த கிழமையே விசாரணைக்கு உதவியது.

விசாரணை நாளில் முதலில் பேசியவர் ஜெயசீலன். சந்தில் பெரிய வைண்டிங் பட்டறை அவருடையதுதான், கலாவதிக்கும் முதலாளி அவர்தான். அவரை வில்லனாக்க எனக்கு மனசு வராது, அவர் வில்லன் இல்லை. வேலூர் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, கூலியாகக் கம்பி சுற்றி, சொந்தமாக ஷெட் போட்டவர்.

"சும்மா சொல்லக் கூடாது சார், இந்தப் பட்டறைதான் என்னை மனுசனாக்குச்சு. ஆனா முட்டி போயிடுச்சு. பையன் கம்ப்யூட்டர் படிச்சிட்டு ஆயில் பக்கம் கை வெக்க மாட்டேங்கறான். சுத்தி வீடு வந்துடுச்சு, சத்தம், வாசனைன்னு தெனம் ஒரே கிரிகிரி. மஞ்சளாச்சுன்னா வித்துட்டு அத்திபெலே பக்கம் பெரிசா ஷெட் போட்டு யாருக்காவது விட்டுடுவேன். வேலைக்கு வர்றவங்க வரட்டும், நான் வேணாங்கலையே. நான் கேக்கறது தப்பா?"

தப்பென்று யார் சொல்ல முடியும்? எனக்கே அவர் பக்கம் மனசு சாய்ந்தது.

அடுத்து கலாவதி. துவைத்து மடித்த புடவை, தலையில் கனகாம்பரம். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. பேச வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை. முதலாளி பக்கத்திலேயே இருக்கிறார் அல்லவா? ஹாலில் எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். போயிற்று, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். ரங்கப்பா சார் பென்சிலைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"மத்யான்ன ஊட்டா எல்லிம்மா?"

"மனெலி சார்" என்றாள் உடனே. வீட்டில். அதற்கப்புறம் தமிழில் கொட்டியது. "மொதல்ல அவருக்கு, அப்புறம்தான் எனக்கு. மத்தியானம் ஒரு வாட்டி திருப்பிப் படுக்க வெக்கலைன்னா முதுகு புண்ணாயிடும் சார். ஒரு வாட்டி ஆயி, ஆஸ்பத்திரியில வெச்சிருந்து பொழைச்சு வந்தாரு. அத்திபெலேவுக்குப் போனா காலையில போட்டபடி சாயங்காலம் வரைக்கும் ஒரே பக்கமா கெடக்கணும். என்னால முடியாது."

மேஜையில் இருந்த இன்னோர் அதிகாரி, நல்ல எண்ணத்தோடுதான், "பக்கத்து வீடுகள்ல ஏதாவது வேலை கிடைக்காதாம்மா?" என்று கேட்டார்.

கலாவதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பத்துப் பாத்திரம் தேய்க்கறது கேவலம் இல்லை சார். ஆனா எனக்குத் தொழில் தெரியும். நான் சுத்துன மோட்டார் திரும்பி வந்ததா எங்க மொதலாளியையே கேளுங்க."

எல்லாரும் ஜெயசீலனைப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார். "வந்ததில்லை சார்" என்றார். பிறகு, "அதுக்கு நல்ல கை சார்" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாரும் கேட்காமல் அவரே சொன்னார்: "மெயின் ரோட்டுப் பக்கம் இருக்கறதை மட்டும் மஞ்சளாக்கிக் குடுங்க சார். உள்ளே இருக்கறது அப்பிடியே இருக்கட்டும். ஓடற வரைக்கும் ஓடட்டும்."

மற்ற முதலாளிகள் முணுமுணுத்தார்கள். ஆனால் சார் அதற்குள் பென்சிலை எடுத்துவிட்டார். அவர் அன்று போட்ட கோடுதான் நித்யா பார்த்த பொட்டு.

அது சுலபமாக நிற்கவில்லை. மேலிடத்தில் ஒருவர் மேப்பைப் பார்த்துவிட்டு, "என்ன ரங்கப்பா, மேப்புமேல காக்கா எச்சம் போட்டிருக்கு?" என்றாராம். எங்கள் தொழிலில் இப்படிப் புள்ளி வைப்பது கேவலம், நிறம் என்றால் பரப்பாக, ஒழுங்காக இருக்க வேண்டும். சார் அதற்கு விசாரணைக் குறிப்பை முழுவதும் வாசித்துக் காட்டினாராம், நடுவில் நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தாமல். கடைசியில் கையெழுத்தாயிற்று. சார் ரிடையர் ஆகும்வரை அந்தப் பிரிவை விட்டு மேலே போகவில்லை. அது இதனால்தானா என்று எனக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை.

நித்யாவிடம் இரண்டு நாள் கேட்டேன் அல்லவா? அது அழிக்காதே என்று சொல்வதற்காக இல்லை. அதை அப்போதே போனிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஊதா என்பது ஞாபகார்த்த மண்டபம் இல்லை. அங்கே யாரும் வேலைக்குப் போகவில்லை என்றால் அந்தப் பொட்டை அழிக்க வேண்டியதுதான், ரங்கப்பா சார் போட்டதாக இருந்தாலும். நான் ரிடையர் ஆன பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. கிரைண்டரும் புதுசு வாங்கியாயிற்று.

மறுநாள் மத்தியானம் ஆட்டோ பிடித்துப் போனேன். மெயின் ரோட்டில் ஜெயசீலன் இடத்தில் பெரிய அபார்ட்மென்ட். சந்துக்குள் திரும்பினேன். முதல் ஷெட் பூட்டியிருந்தது. இரண்டாவதும் பூட்டியிருந்தது. அவ்வளவுதான் என்று நின்றுவிட்டேன். அப்புறம் வார்னிஷ் வாசனை வந்தது.

உள்ளே தள்ளி நாலைந்து பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் எரிந்த மோட்டார்கள் குவிந்திருந்தன. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சுற்றி இருக்கிற அபார்ட்மென்ட்களின் தண்ணீர் மோட்டார்கள், லிஃப்ட் மோட்டார்கள், இப்போது கரண்ட் ஸ்கூட்டர்களும் வருகிறதாம். "எங்க போய்க் குடுப்பாங்க மேடம்? தண்ணி நின்னா ஓடி வந்துடறாங்க" என்றாள் கம்பி சுற்றிக்கொண்டிருந்த பெண். மஞ்சளுக்கு இந்த ஊதா வேண்டியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

மணி அடித்தது. பெண்கள் எழுந்தார்கள், ஆண்களும் எழுந்தார்கள். ஆனால் யாரும் ஓடவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரியவும் இல்லை. எல்லாருமாகச் சேர்ந்து சந்தின் கோடியில் இருந்த ஒரு பழைய ஷெட்டுக்குள் போனார்கள். நானும் பின்னால் போனேன்.

பெஞ்சு போட்டிருந்தது. வாழையிலை, சோறு, சாம்பார், ராகிக் களியை உருட்டிய முத்தை, கீரை. வாசல் பக்கம் சக்கர நாற்காலியில் நரைத்த தலையோடு ஒருவர், மடியில் பலகை வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"கலா! அன்னிக்குத் தண்ணி குடிக்காமப் போச்சே ஒரு மேடம், அவங்க வந்திருக்காங்க பாரு."

கலாவதி கரண்டியோடு வந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள், கரண்டியிலிருந்து சாம்பார் என் புடவையில் சொட்டியது. கண் சரியாகத் தெரியாமல் கம்பி வேலையை விட்டாளாம். சந்தில் சாப்பாட்டுக்கு இடம் இல்லையே என்று மெஸ் ஆரம்பித்தாளாம். ஷெட்டை ஜெயசீலன் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கிறார், மாதம் ஒரு முறை வந்து சாப்பிட்டுவிட்டு உப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போவாராம். "இவரைத் திருப்பிப் படுக்க வெக்க நான் ஓட வேணாம் பாருங்க. பகல் பூரா என் கண்ணு முன்னாலயே ஒக்காந்து நாட்டாமை பண்றாரு" என்றாள். முருகேசன் சிரித்தார்.

நித்யாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். ஆபீஸ் பக்கத்தில்தானாம், ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். என்னை விட்டுவிட்டு நேரே பட்டறைக்குள் போய், எத்தனை பேர், எங்கேயிருந்து வருகிறார்கள், கரண்ட் எவ்வளவு என்று அவளாகவே விசாரித்துக்கொண்டாள். பிறகு சாம்பாரை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "இதை அழிக்கறதாவது மேடம். பூட்டியிருக்கற ஷெட்டையும் வாடகைக்குக் கேட்டுக்கிட்டு ஆளு இருக்காங்களாம்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு ரங்கப்பா சார் வீட்டுக்குப் போன் போட்டேன். ஹாசனில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாபகம் தப்பிவிட்டது, ஆட்களை அடையாளம் தெரிவதில்லை என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள். "விஜயம்மா, பெங்களூர்லேர்ந்து" என்று உரக்கச் சொல்லி அவர் காதில் போனை வைத்தாள். அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம். சந்து, ஊதா, கலாவதி என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். போனை வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பழைய மெல்லிய குரல் வந்தது.

"ஊட்டா ஆய்த்தா?"

"ஆய்த்து சார்" என்றேன்.

"எல்லி?"

கலாவதி என் இலையை மடித்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இல்லியே சார்" என்று கன்னடத்திலேயே சொன்னேன். "இங்கேயேதான்."